புட்டிக்குப் பத்து ரூபாய்

பீர் விலையைப் பற்றி எழுதுவதற்கு உழைப்பாளி மக்களின் பத்திரிகைக்கு என்ன வேலை என்று கேட்கக்கூடிய தோழர்கள் உண்டு. கேட்கட்டும், கேள்வி நியாயமானதுதான். மதுக்கடையை மூடு என்று கொடி பிடித்து வெயிலில் நின்ற பெண்கள் நம் இயக்கத்துப் பெண்கள். போலீசாரிடம் அடிபட்டவர்களும் அவர்கள்தாம். இக்கட்டுரையின் தலைப்பைப் பார்த்து அவர்கள் முகம் சுளித்தால் அதில் குற்றம் காண நாம் தயாராக இல்லை.

ஆனால், குடிப்பவன் கையிலிருந்து போகும் பணம் குடிப்பவனுடைய பணம் மட்டுமா? அது அரிசிக் கடைக்குப் போக வேண்டிய பணம். பிள்ளையின் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்துக்குப் போக வேண்டிய பணம். கடைச் சாளரத்தின் வழியே கூடுதலாகப் பிடுங்கப்படும் ஒவ்வொரு ரூபாயும் வீட்டிலிருக்கும் பெண்ணின் கைக்கு வந்து சேராத ரூபாய். விலையை ஏற்றினால் குடி குறையும், குடும்பம் பிழைக்கும் என்று சர்க்கார் சொல்லும்போது, அந்த வாதம் மெய்தானா என்று கணக்குப் பார்க்கும் உரிமை குடிக்காதவர்களுக்குத்தான் முதலில் உண்டு. ஆகவே கணக்குப் பார்ப்போம்.

யார் வாங்குகிறார்கள்? தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளையும் அவற்றோடு 5 பேரூராட்சிகளையும் சேர்த்து 2021 நவம்பரில் ஒரு மாநகராட்சி ஆக்கினார்கள். அந்த எல்லைக்குள் வசிப்பவர்கள் யார்? ஏற்றுமதி வளாகத்தில் ஒப்பந்தக் கூலிக்கு நிற்பவர்கள், நாகல்கேணி தோல் பட்டறைகளில் தொட்டிக்குள் இறங்குபவர்கள், அடுக்குமாடிக்குச் சாரம் கட்டுபவர்கள், விடியற்காலை மின்சார ரயிலில் கடற்கரை வரை போய் இரவு திரும்புபவர்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஓர் அறைக்கு எட்டுப் பேராகப் படுத்திருப்பவர்கள். வசதியுள்ளவர்களும் வாங்குகிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர்களுக்குக் குளிர்சாதனக் கடை இருக்கிறது, ஓட்டல் பார் இருக்கிறது, விமான நிலையத்தில் வரியில்லாக் கடையும் இருக்கிறது. இரும்புக் கம்பிக்குள் கையை நீட்டி வாங்குகிறவன் உழைப்பாளிதான்.

அவன் கொடுக்கும் விலை எப்படி உண்டாகிறது? ஆலையிலிருந்து புட்டி புறப்படும்போது அதன் அடக்க விலை சிறிது. அதன்மேல் கலால் வரி ஏறுகிறது. அதன்மேல் விற்பனை வரி ஏறுகிறது. ஆலையிலிருந்து வாங்குவது தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக். கடையில் விற்பதும் அதே டாஸ்மாக். 1983 இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மொத்த வியாபாரத்துக்காகத் தோன்றியது இந்தக் கழகம். 2003 நவம்பரில் ஜெயலலிதா ஆட்சி சில்லறை வியாபாரத்தையும் அதன் கையில் கொடுத்தது. அன்றிலிருந்து வாங்குபவனுக்கு வேறு வாசல் கிடையாது. தனியார் ஏகபோகத்தை எதிர்த்துப் பேசிப் பழகிய நமக்கு, சர்க்காரே நடத்தும் ஏகபோகத்தின் லட்சணத்தைப் பார்க்கும் வாய்ப்பும் கிடைத்தது.

கொரோனா அடைப்புக்குப் பின் 2020 மே மாதம் கடை திறந்தபோது விலை ஏறியது. 2022 மார்ச்சில் பீருக்கு 10 ரூபாய் ஏறியது. 2024 பிப்ரவரி 1 அன்று 650 மில்லி பீர்ப் புட்டிக்கு மறுபடியும் 10 ரூபாய் ஏறியது. ஒவ்வொரு முறையும் ஏற்றத்துக்குக் காரணம் சொல்லப்பட்டது. ஒரு முறையாவது இறக்கத்துக்குக் காரணம் தேடப்பட்டதாகத் தெரியவில்லை. வரியும் தீர்வையுமாக இந்தக் கடைகளிலிருந்து கஜானாவுக்கு வந்த தொகை 2022–23 இல் 44,121 கோடி ரூபாய். அடுத்த ஆண்டு 45,855 கோடி. 2024–25 இல் 48,344 கோடி. விலை ஏறினால் குடி குறையும் என்ற வாதத்துக்கு இந்த எண்களே பதில் சொல்லட்டும்.

இதில் மத்திய சர்க்காரின் பங்கையும் சொல்லாமல் விட்டால் நாம் நேர்மையற்றவர்களாவோம். 2017 ஜூலை 1 முதல் சரக்கு சேவை வரி வந்தது. மாநிலங்கள் தம் விருப்பப்படி வரி போடும் உரிமையைப் பெரும்பாலான பண்டங்களில் இழந்தன. அந்த வலைக்கு வெளியே நின்றவை இரண்டே பெரிய பண்டங்கள்: பெட்ரோலிய எண்ணெய், மனிதர் அருந்தும் மது. மத்திய வரிகளிலிருந்து பிரித்துக் கொடுக்கும் தொகையில் 15 ஆவது நிதிக் குழு தமிழ்நாட்டுக்கு ஒதுக்கிய பங்கு 100 ரூபாய்க்கு 4 ரூபாய் 8 காசு. பணம் வேண்டுமென்றால் மாநில நிதியமைச்சர் எங்கே கை வைப்பார்? எண்ணெய்ப் பீப்பாயிலும் சாராயப் பீப்பாயிலும்தான். டில்லியிலே உட்கார்ந்துகொண்டு தமிழ்நாடு குடியால் அழிகிறது என்று கண்ணீர் வடிப்பவர்கள், அந்தக் குடிப்பணத்தை நம்பியே மாநிலங்கள் வாழ வேண்டும் என்று ஏற்பாடு செய்தவர்களும் தாங்களே என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்தப் பிணைப்பு புதியதும் அல்ல. 1937 அக்டோபரில் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். போன கலால் வருமானத்தை ஈடுகட்ட 1939 இல் பொது விற்பனை வரியைச் சட்டமாக்கினார். இந்த நாட்டிலேயே அது முதலாவது. அதாவது, குடிக்காதவனும் உப்புப் புளி வாங்கும்போது கள்ளுக்கடையின் பாக்கியைச் செலுத்தினான். பிறகு 1971 இல் மது திறந்துவிடப்பட்டது. புதிதாக மதுவிலக்குக் கொண்டுவரும் மாநிலத்துக்கு மானியம் தருவோம், ஏற்கெனவே கொண்டுவந்த மாநிலத்துக்குத் தரமாட்டோம் என்று அன்றைய மத்திய சர்க்கார் நின்றதை அப்போதைய முதலமைச்சர் கருணாநிதி காரணமாகக் காட்டினார். முதுமையில் ராஜாஜி நேரில் போய் வேண்டாம் என்று கேட்டும் முடிவு மாறவில்லை. ஒன்று நமக்கு விளங்குகிறது: மதுவிலக்கு வந்தபோதும் வரி வந்தது, போனபோதும் வரி வந்தது. விற்பனை வரி மட்டும் திரும்பிப் போகவில்லை.

நிற்க. வெளிநாடுகளில் பீர் இதைவிட விலை அதிகம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். உண்மை. நார்வேயிலும் ஸ்வீடனிலும் ஒரு குவளை பீருக்குக் கொடுக்கும் பணத்தில் இங்கே ஒரு குடும்பத்துக்கு ஒரு நாள் சமையல் ஆகும். அங்கேயும் சர்க்கார் கடைதான். ஸ்வீடனில் 3.5 சதவீதத்துக்கு மேற்பட்ட பீரையும் நார்வேயில் 4.7 சதவீதத்துக்கு மேற்பட்ட பீரையும் சர்க்கார் கடையில்தான் வாங்க முடியும். ஸ்வீடன் கடையில் பீரைக் குளிர வைத்தும் கொடுப்பதில்லை. அது அவர்கள் கொள்கை. நம் ஊரில் கொள்கை ஏதுமின்றியே பல கடைகளில் குளிர்ச்சி கிடைப்பதில்லை. கிடைத்தால் அதற்குத் தனிக் காசு.

ஆனால் ஒப்பிடுகிறவர்கள் விலையை மட்டும் ஒப்பிட்டுவிட்டுக் கூலியை ஒப்பிடாமல் நழுவுகிறார்களே, அதுதான் வேடிக்கை. கூலியோடு சேர்த்துப் பார்க்க வேண்டுமானால் கத்தாருக்குப் போவோம். 2022 உலகக் கால்பந்துப் போட்டியின்போது ரசிகர் திடலில் அரை லிட்டர் பீர் 50 ரியால். அந்நாட்டில் 2021 முதல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,000 ரியால். உணவும் இருப்பிடமும் கொடுக்காத முதலாளி அவற்றுக்குத் தனிப்படி கொடுக்க வேண்டும். அந்த ஆயிரத்தை முப்பதால் வகுத்துப் பாருங்கள்: நாளொன்றுக்கு 33 ரியால் சொச்சம். நம் நாட்டிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் போய் அந்த மைதானங்களுக்குக் கல் சுமந்தவன், அங்கே ஒரு குவளை பீர் வாங்க ஒன்றரை நாள் உழைக்க வேண்டும். அந்த விலை குடியை ஒழிப்பதற்காக வைத்தது என்று யாரும் நினைக்கவில்லை. யார் உள்ளே வரலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்று பிரிப்பதற்கு விலையும் ஒரு வேலிதான்.

சிங்கப்பூருக்குப் போன நம்மவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். அங்கே வரி புட்டிக்கு அல்ல. உள்ளே இருக்கும் சாராயச் சத்துக்கு. பீரிலுள்ள சுத்தச் சாராயத்தில் ஒரு லிட்டருக்கு 60 வெள்ளி. பிராந்தி, விஸ்கி போன்ற காய்ச்சி வடித்த சரக்குக்கு 88 வெள்ளி. 5 சதவீதச் சத்துள்ள 330 மில்லி டின் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு வெள்ளி வரி ஆகிறது. குறைவான அளவல்ல. ஆனாலும் அதில் ஒரு நியாயம் இருக்கிறது: லேசானதைக் குடிப்பவன் குறைவாகவும், கடுமையானதைக் குடிப்பவன் அதிகமாகவும் கொடுக்கிறான். பிரிட்டனும் 2023 ஆகஸ்டில் தன் மது வரி முழுவதையும் சத்தின் அளவுக்கு ஏற்ப மாற்றி அமைத்தது. இலங்கையில் மங்கள சமரவீர நிதியமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த 2018 பட்ஜெட்டும் அந்த வழியில் நடந்து பீர் மீதிருந்த பாரத்தை இறக்கியது. சாராயத்திலிருந்து மக்களை மெல்லியதன் பக்கம் திருப்ப வேண்டும் என்பது அவர் வாதம். அது பலித்ததா, பீர்க் கம்பெனிக்காரர்களுக்குத்தான் பலித்ததா என்பது வேறு விவகாரம்.

நம் கடையில் எப்படி? ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. சத்து 42.8 சதவீதம். அதிலுள்ள சுத்தச் சாராயம் 77 மில்லி. 650 மில்லி பீர், 5 சதவீதமானால், உள்ளே இருப்பது 32 மில்லி சொச்சம்; கடுமையான 8 சதவீத பீரானாலும் 52 மில்லி. சாதாரண ரகக் குவார்ட்டரின் விலையும் பீரின் விலையும் ஏறத்தாழ அக்கம்பக்கம். பீர் சற்றுக் கூடுதலே தவிரக் குறைவில்லை. கணக்குக்கு இரண்டும் ஒரே விலை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானாலும் லேசான பீரைக் குடிப்பவன் ஒரு மில்லி சாராயத்துக்குக் கொடுக்கும் விலை, குவார்ட்டர்காரன் கொடுப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்!

நாள் முழுதும் கலவை சுமந்துவிட்டு, கையிலிருக்கும் சொற்பக் காசுக்கு மயக்கம் தேடி வரும் தொழிலாளி எதை வாங்குவான்? அவனைக் குடிகாரன் என்று ஏசுவது எளிது. ஆனால் கல்லீரலைக் கருக்கும் சரக்கை மலிவாகவும், அதைவிட மெல்லியதை விலை அதிகமாகவும் வைத்து, அவன் கையைப் பிடித்துக் குவார்ட்டர் பக்கம் இழுத்துச் செல்வது யார்? பீர் வாங்க வந்தவனிலும் பெரும்பாலோர் கடுமையான ரகத்தையே கேட்பதன் ரகசியமும் இதுவே. காசுக்கு ஏற்ற போதை வேண்டும் என்பது ஏழையின் கணக்கு. பீர் நல்லது, குடியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. விஷத்தின் அளவுக்கு ஏற்ப வரி வை என்கிறோம். மக்கள் நலத்துக்காக விலை வைக்கிறோம் என்பவர்களுக்கு இந்தச் சிறு வகுத்தல் கணக்கு தெரியாமலா போயிற்று?

ஐஸ்லாந்து என்றொரு தீவு நாடு. அங்கே 1915 இல் முழு மதுவிலக்கு வந்தது. எங்கள் திராட்சை மதுவை வாங்காவிட்டால் உங்கள் மீனை வாங்கமாட்டோம் என்று ஸ்பெயின் மிரட்ட, 1922 இல் திராட்சை மதுவுக்கு வழி விட்டார்கள். 1935 இல் பிராந்தி வகைகளுக்கும் விட்டார்கள். பீருக்கு மட்டும் தடை நீடித்தது. எது வரைக்கும்? 1989 மார்ச் 1 வரைக்கும்! 40 சதவீதம் தாராளமாகக் கிடைக்கும் நாட்டில் 5 சதவீதம் குற்றம். படிக்கும்போது சிரிப்பு வருகிறது அல்லவா? சிரித்து முடித்தபின் நம் பனைமரத்தை அண்ணாந்து பாருங்கள்.

தமிழ்நாட்டில் கள் இறக்குவது 1987 ஜனவரி 1 முதல் குற்றம். வண்டலூர், மண்ணிவாக்கம், படப்பைப் பக்கம் ஏரிக்கரையில் மிச்சமிருக்கும் பனையில் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டினால் பதநீர். அது சட்டப்படி சரி. சுண்ணாம்பு தடவாத கலயத்தைக் கட்டினால் சிறை. பனை நம் மாநில மரம்! அந்த மரமேறி காலும் மார்பும் காய்த்துப்போனவன் இறக்கும் கள்ளில் இருக்கும் சத்து, ஆலையில் செய்யும் பீரின் அளவை ஒத்ததே. பக்கத்துக் கேரளத்தில் கள்ளுக்கடை நடக்கிறது. தொழிலாளருக்குச் சங்கமும் நலநிதியும் இருக்கின்றன. இங்கே கள்ளில் கலப்படம் வருமே என்கிறார்கள். வரும், வந்ததுண்டு. ஆலைச் சரக்கைச் சோதிக்க ஆள் வைத்திருக்கும் சர்க்காரால் கலயத்தைச் சோதிக்க ஆள் வைக்க முடியாதா? அல்லது, புட்டிக்கு வரி வாங்குவதுபோலக் கலயத்துக்கு வரி வாங்குவது எளிதல்ல என்பதுதான் உண்மைக் காரணமா?

கள்ளைப் பற்றிப் பேசும்போது ஒருதலையாகப் பேசவும் நமக்கு மனமில்லை. 1921 இல் கள்ளுக்கடை மறியலுக்காகப் பெரியார் தம் தோப்பில் 500-க்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்ததும், ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் மறியலில் நின்றதும் பொய்யல்ல. பிற்காலத்தில் அதே பெரியார் மதுவிலக்கு நடைமுறைக்கு உதவாது என்று எழுதியதும் பொய்யல்ல. மலேயாவில் தோட்ட நிர்வாகமே லயத்துக்குப் பக்கத்தில் கள்ளுக்கடை வைத்து, கொடுத்த கூலியைச் சாயங்காலமே திருப்பி வாங்கிக்கொண்டிருந்தது. 1941 இல் கிள்ளான் வட்டாரத் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடையை மூடு என்பதையும் கோரிக்கையாக வைத்தார்கள். கூலி கொடுப்பவனும் குடி விற்பவனும் ஒருவனாக இருந்தால் என்ன ஆகும் என்பதை அவர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

கொஞ்சம் கடைக்குள் போவோம். இதுவரை சொன்னது சட்டப்படி வாங்கும் விலை. அதற்கு மேல் ஒரு விலை இருக்கிறது. புட்டியின் மேல் அச்சிட்ட விலை ஒன்று. கொடுப்பது அதைவிடப் பத்து ரூபாய் கூடுதல். சில இடங்களில் அதற்கும் மேல். தாம்பரத்திலிருந்து தூத்துக்குடி வரை இதை அறியாத குடிமகன் இல்லை, இது தெரியாத அதிகாரியும் இல்லை. 2025 மார்ச்சில் டாஸ்மாக் தலைமையகத்தில் சோதனை போட்ட மத்திய அமலாக்கத் துறை, புட்டிக்கு 10 முதல் 30 ரூபாய் வரை கூடுதலாக வசூலிக்கப்பட்டதாக ஏதோ புதையலைக் கண்டுபிடித்தது போல அறிவித்தது. அந்தத் துறையின் நோக்கம் குடிமகனின் பத்து ரூபாயை மீட்டுக் கொடுப்பதல்ல என்பது வேறு; 2025 மே 22 அன்று உச்ச நீதிமன்றமே அந்த நடவடிக்கையைக் கண்டித்து நிறுத்தி வைத்தது. துறையின் நோக்கம் எதுவானாலும், பத்து ரூபாய் பொய்யாகிவிடாது.

இந்தப் பத்து ரூபாய் எவ்வளவு பெரியது? 2025 ஆம் ஆண்டு கொள்கைக் குறிப்பின்படி கடைகள் 4,787. ஒரு கடையில் ஒரு நாளைக்கு 500 புட்டிகளுக்கு மட்டும் இப்படி வாங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கு 5,000 ரூபாய். எல்லாக் கடைகளுக்கும் நாளொன்றுக்கு 2 கோடியே 39 லட்சம். ஆண்டுக்கு 800 கோடிக்கு மேல். இது நம்முடைய உத்தேசக் கணக்கு. ஆனால் எந்த உத்தேசத்தை வைத்தாலும் தொகை சில்லறையாக இராது. எந்தச் சட்டமன்றமும் விதிக்காத வரி இது. எந்தத் தணிக்கை அறிக்கையிலும் தலைப்பில்லாத வருமானம்.

கேட்டால் உடனே விற்பனையாளரைக் கைகாட்டுகிறார்கள். அவரைப் பிடித்துத் தற்காலிக நீக்கம் செய்கிறார்கள், அபராதம் போடுகிறார்கள், பத்திரிகையில் படம் வருகிறது. யார் இந்த விற்பனையாளர்? 2003 இல் பட்டம் படித்தவர்களையும் பள்ளி இறுதி முடித்தவர்களையும் தொகுப்பூதியத்துக்கு எடுத்தார்கள். அன்று இருபத்தைந்து வயதில் சேர்ந்தவருக்கு இன்று தலை நரைத்துவிட்டது. பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். 2025 கணக்கில் மேற்பார்வையாளர், விற்பனையாளர், உதவி விற்பனையாளர் என்று மொத்தம் 23,629 பேர். அப்போதும் தொகுப்பூதியம்தான், காலமுறைச் சம்பளம் இல்லை. 2025 ஏப்ரல் முதல் மாதம் 2,000 ரூபாய் உயர்த்தினார்கள். அதற்கு ஆண்டுச் செலவு ஏறத்தாழ 64 கோடி என்று சட்டமன்றத்தில் சொன்னார்கள். 48,344 கோடியைச் சம்பாதித்துக் கொடுத்த கைகளுக்கு 64 கோடி! ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ரூபாய் முப்பது காசு.

கடையின் மின்சாரக் கட்டணத்துக்குக் கைக்காசு, லாரியிலிருந்து பெட்டி இறக்கும் கூலிக்குக் கைக்காசு, உடைந்த புட்டிக்குக் கைக்காசு என்று செங்கொடிச் சங்கம் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகிறது. வசூல் பணத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டு இரவில் போகும்போது வெட்டுப்பட்டு உயிரிழந்தவர்களும் அந்த ஊழியர்களில் உண்டு. இவ்வளவுக்கும் பிறகு அந்தப் பத்து ரூபாயை வாங்குவது சரியென்று நாம் சொல்லவில்லை. சரியல்ல. வாங்குபவன் அவரைப்போன்ற இன்னொரு கூலிக்காரன். அவன் சட்டைப்பையில் கைவைப்பதை எந்தச் சங்கமும் நியாயப்படுத்தாது. ஆனால் அந்தப் பத்தும் அவர் பையிலேயே தங்குகிறது என்று நம்புகிறவர்கள், ஒரு கடை மேற்பார்வையாளர் வேலை மாற்றத்துக்காக ஏறி இறங்கும் படிக்கட்டுகளை எண்ணிப் பார்த்ததில்லை. மேலே போகும் பங்கைக் கேளாமல் கீழே இருப்பவனை மட்டும் பிடிப்பது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது.

ரசீது கொடுத்தால் தீருமே என்றோம். 2024 இறுதியில் சில மாவட்டங்களில் ரசீது இயந்திரங்கள் வரத் தொடங்கின. நல்லதுதான். இயந்திரம் அச்சடித்த விலையைக் காட்டுகிறது. கை மட்டும் பழைய விலையைக் கேட்கிறது என்ற புகார் வந்துகொண்டே இருக்கிறது.

இதற்கிடையே இன்னொரு பத்து ரூபாய்! காட்டில் புட்டிகள் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்று சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதால், 2022 மே மாதம் நீலகிரியில் ஒரு திட்டம் தொடங்கியது. புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிப் புட்டியைக் கொண்டுவந்தால் திருப்பிக் கொடுப்பது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. யானைக்காக வாங்கிய பத்து ரூபாய் திரும்பி வருகிறது. கணக்கு ஒழுங்காக இருக்கிறது. மனிதனிடம் வாங்கிய பத்து ரூபாய் திரும்பவில்லை. காலிப் புட்டி வாங்கும் வேலையும் அதே விற்பனையாளர் தலையில் விழுந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விலையை ஏற்றிக்கொண்டே போவதன் இன்னொரு முனை மிகக் கொடியது. 2023 மே மாதம் மரக்காணத்திலும், தாம்பரத்திலிருந்து அதே ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் வரும் மதுராந்தகத்தை அடுத்த சித்தாமூர் பகுதியிலும், மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர். இறந்தவர்களில் மிகப் பலர் தினக்கூலிகள். கடைக் குவார்ட்டரின் விலையைவிட மலிவாகப் பாக்கெட்டில் கிடைத்தது, வாங்கினார்கள். குடும்பத்துக்கு 10 லட்சம் நிவாரணம், சட்டத்தில் ஆயுள் தண்டனை வரை திருத்தம் எல்லாம் வந்தன. தண்டனை வேண்டாம் என்போமா? வேண்டும். ஆனால் சட்டக் கடையின் கதவுக்கும் சாவு பாக்கெட்டின் கதவுக்கும் நடுவே உள்ள தூரம் வெறும் ரூபாய்க் கணக்கில் அளக்கப்பட்டதை எந்த விசாரணைக் குழு எழுதப் போகிறது?

அப்படியானால் விலையைக் குறைத்துவிட்டால் எல்லாரும் குடித்து மடியட்டும் என்கிறீர்களா என்று நம் மகளிர் தோழர்கள் கேட்பார்கள். இல்லை. கடைகள் குறைய வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாம் கருத்தில்லை. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது, 2017 இல் கடைகள் ஒழியவில்லை. குடியிருப்புத் தெருக்களுக்கு நகர்ந்தன. ஊருக்கு ஊர் பெண்கள் வழிமறித்தார்கள்; திருப்பூர் சாமளாபுரத்தில் போலீஸ் அதிகாரி ஒருவர் பெண்ணை அறைந்த காட்சியை நாடே பார்த்தது. 2023 ஜூன் 22 அன்று 500 கடைகள் மூடப்பட்டன. வருமானம் குறைந்ததா? மேலே கொடுத்த எண்களை இன்னொரு முறை பாருங்கள். கடையைக் குறைப்பதும் விலையை ஏற்றுவதும் கைகோத்து நடந்தால், கஜானாவுக்கு நஷ்டமில்லை. குடிப்பவன் வீட்டுக்குத்தான் நஷ்டம். மது வருமானம் குறைய வேண்டும் என்று உண்மையிலேயே நினைக்கும் சர்க்கார், அடுத்த ஆண்டு இவ்வளவு குறைப்போம், அதற்கு ஈடாக இன்ன சொத்துக்கு, இன்ன செல்வந்தர்மீது வரி போடுவோம் என்று பட்ஜெட்டில் எழுதிக் காட்டட்டும். 1939 இல் ராஜாஜி செய்தது ஏழையின் உப்புக்கும் புளிக்கும் வரி. அதையாவது அவர் ஒளிக்காமல் எழுதிக் காட்டினார்.

பக்கத்து மாநிலங்களின் கதையும் இதுவேதான். தெலங்கானாவில் 2025 ஜனவரியில், சர்க்கார் கொள்முதல் விலையை உயர்த்தவில்லை, பாக்கியையும் கொடுக்கவில்லை என்று நாட்டின் மிகப் பெரிய பீர்க் கம்பெனி புட்டி அனுப்புவதையே நிறுத்தியது. அடுத்த மாதமே விலை ஏறியது. கம்பெனி கேட்டால் ஏறுகிறது, கஜானா கேட்டால் ஏறுகிறது. வாங்குபவனை யாரும் கேட்பதில்லை; அவன் குடிகாரன், அவனுக்குப் பேச வாயில்லை என்பது எல்லாக் கட்சி ஆளவந்தார்களுக்கும் தெரியும்.

ஆகவே சட்டமன்றத்தில் அடுத்த முறை மதுவிலக்கு ஆயத்தீர்வை மானியக் கோரிக்கை எடுத்துக்கொள்ளப்படும்போது, நம் உறுப்பினர்கள் சில எளிய கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று விரும்புகிறோம். ஒரு பீர்ப் புட்டியின் விலையில் ஆலைக்கு எவ்வளவு, வரிக்கு எவ்வளவு, கழகத்துக்கு எவ்வளவு என்று கடை வாசலில் தமிழில் பலகை எழுதி வைக்க என்ன தடை? சத்தின் அளவுக்கு வரி என்ற முறையை ஆராய ஒரு குழு போட்டால் யாருடைய வியாபாரம் கெடும்? 23,629 பேருக்கும் காலமுறைச் சம்பளம் கொடுக்க ஆண்டுக்கு எத்தனை கோடி ஆகும்; அது, அச்சிட்ட விலைக்கு மேல் பறிபோகும் தொகையைவிடக் கூடுதலா, குறைவா?

கடைசிக் கேள்விக்கு மட்டுமாவது அமைச்சர் எண்ணைச் சொல்லட்டும். மீதியைத் தாம்பரத்துத் தொழிலாளி விரல் விட்டே கணக்குப் பார்த்துக்கொள்வான்.